பௌர்ணமிக்கு விழுந்த சிவப்புக் கோடு

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மழை விட்ட நேரம், அக்கா மகள் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"மாமா, ஒங்க பாடம் பொய் சொல்லுது."

ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தெருப் பிள்ளைகள் போனில் போட்டுப் பார்க்க நான் செய்து வைத்த தண்ணீர்க் கணக்குப் பாடத்தில் வரும் கேள்வி இதுதான்: கடைமடைப் பக்கம் வடிகால் ஆறுகள் மாதத்தில் எந்த இரண்டு நாட்களை ஒட்டி மெதுவாக வடியும்? கடல் ஏற்றம் கூடுதலாக இருக்கும் நாட்கள். 'அமாவாசை' என்று எழுதினாள், பச்சை. 'பௌர்ணமி' என்று எழுதினாள், சிவப்பு. அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள், திரும்பவும் சிவப்பு. மூன்றாவது தடவையும் தப்பினால் விடையைக் காட்டிவிடும்படி வைத்திருந்தேன். காட்டியது: 'சரியான விடை: பௌர்ணமி.' மேலே அவள் எழுதியதும் பௌர்ணமி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், கழற்றிவிட்டும் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசமில்லை.

இந்தப் பழுதை எப்படிப் பிடித்தேன் என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஏற்கெனவே இரண்டு தடவை இந்தப் பாடங்களை இடித்துக் கட்டியாகிவிட்டது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நீடாமங்கலம் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம். சாயங்காலம் ஆறரைக்கு மேல் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து தரையில் உட்காருவார்கள். கணக்கு சொல்லிக்கொடுப்பேன். எங்கள் பக்கம் டீக்கடையில் பேப்பர் வந்ததும் முதலில் பார்ப்பது மேட்டூர் நிலவரத்தைத்தான். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கனஅடி). வழக்கமாக அணை திறக்கும் நாளான ஜூன் 12 நெருங்க நெருங்கப் பேச்சே அதுதான். ஒருநாள் ஒரு பையனிடம், "பன்னண்டாயிரம் கனஅடின்னா எவ்ளோடா?" என்று கேட்டேன். "நெறைய சார்" என்றான்.

அந்த 'நெறைய'வை உடைக்கத்தான் ஏழு பாடம். கனஅடி என்றால் என்ன என்பதில் தொடங்கி, விநாடிக்குக் கனஅடி, குழி-மா-வேலிக் கணக்கு, ஒரு மாவுக்குத் தண்ணீர் பாய எவ்வளவு நேரம், டி.எம்.சி., மூணாறு தலைப்பில் தண்ணீர் மூன்று ஆறாகப் பிரிவது, கடைசியில் வடிகால். கடைக்கு வர முடியாத நாளில் பிள்ளைகள் வீட்டில் போனிலேயே போட்டுப் பார்க்கட்டும் என்பது திட்டம்.

முதல் தடவை கட்டியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஒரு வீடியோ எடுத்தேன், 24 நிமிடம். கரும்பலகை முன்னால் நானே நின்று பேசினேன். எச்5பி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, 2013-ல் நார்வேயில் ஆரம்பித்தது. வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கும்படி அதில் வைக்கலாம். ஒன்பது இடத்தில் கேள்வி வைத்தேன். வீடியோவின் அடிக்கோட்டில் கேள்வி வரும் இடமெல்லாம் ஒரு சின்னப் புள்ளி தெரியும்.

பிள்ளைகளுக்கு அந்தப் புள்ளி போதும். கோட்டை விரலால் தள்ளிப் புள்ளிக்குப் போவார்கள், நாலு விடையில் ஒன்றை அமுக்குவார்கள், தப்பென்றால் அடுத்ததை அமுக்குவார்கள். 24 நிமிடப் பாடத்தை மூன்றரை நிமிடத்தில் முடித்து, "முழு மார்க்கு சார்" என்று ஒருவன் காட்டினான். இதில் மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் செய்து வைத்தது ஒரு பேச்சு. அதில் அங்கங்கே கேள்வியை ஆணி அடித்திருந்தேன், அவ்வளவுதான். போதாக்குறைக்கு வீடியோ ஃபைல் கனம். வீட்டில் ஒரே போன். அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும், அன்றைய டேட்டாவில் மிச்சமிருப்பதுதான் இவர்களுக்கு.

வீடியோவைத் தூக்கிப் போடும் முன், ஒரு பையன் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து அவன் பார்ப்பதைப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அந்த வேலையிலேயே கஷ்டம். எங்கே முழிக்கிறான், எங்கே விரல் சும்மா நிற்கிறது, எதைப் படிக்காமலே தாண்டுகிறான் என்று ஒரு நோட்டில் குறித்தேன். நான் நாலு வரி விளக்கம் எழுதிய இடமெல்லாம் அவன் கண் படவே இல்லை. ஏதாவது அமுக்க, நகர்த்த, எழுத இருந்த இடத்தில் மட்டும் நின்றான்.

இரண்டாவது தடவை வேறு மாதிரி வைத்தேன். வீடியோ கிடையாது. சாதாரண எச்.டி.எம்.எல். பக்கம், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், பாடத்தின் கேள்வி, விடையெல்லாம் எழுதி வைக்கப் பாடத்துக்கு ஒரு ஜேசன் ஃபைல். ஒரு பாடம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பாடத்துக்குள் நாலு அல்லது ஐந்து படி. ஒரு படியில் புதிதாக ஒரே ஒரு சங்கதி. படிக்குள் மூன்று திரை: முதலில் கேள்வி, அப்புறம் கையால் செய்து பார்க்க ஒன்று, கடைசியில்தான் விளக்கம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கேட்போம்; இங்கே கேட்டுவிட்டுச் சொல்வது. தெரியாத கேள்விக்கு எப்படி விடை எழுதுவான் என்று தோன்றும். எழுத வேண்டாம், யூகிக்கட்டும். யூகித்தது சரியா தப்பா என்று பார்ப்பதற்காகவே அடுத்த திரையைப் படிக்கிறான்.

நாலாவது பாடத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது அதுதான்.

எங்கள் ஊரில் நிலத்தை இன்னமும் மாக்கணக்கில்தான் சொல்வார்கள். பன்னிரண்டடிக் கோலால் நீளம் ஒன்று, அகலம் ஒன்று வைத்தால் ஒரு குழி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, 14,400 சதுர அடி. இருபது மா ஒரு வேலி. தமிழ்ப் பின்னத்தில் மா என்றாலே இருபதில் ஒரு பங்குதான். 'மூணு மா ஒரு ஏக்கர்' என்று வாய்க்கணக்கு. சரியாகப் பார்த்தால் ஏக்கருக்கு 3.025 மா.

முதல் திரையில் ஒரு மா வயல், ஓரத்தில் ஒரு வாய்க்கால். வாய்க்காலில் விநாடிக்கு ஒரு கனஅடி வருகிறது. வயல் முழுக்க ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க எவ்வளவு நேரமாகும்? பிள்ளைகள் ஐந்து நிமிடம் என்பார்கள், மூன்று மணி நேரம் என்பார்கள். இரண்டாவது திரையில் மதகைத் திறந்து தண்ணீர் விடலாம், கடிகாரம் வேகமாக ஓடும். வயல் நிறம் மாறி ஓர் அங்குலக் கோட்டைத் தொடும்போது கடிகாரம் 20 நிமிடத்தில் நிற்கும். அப்புறம்தான் கணக்கு: 14,400 சதுர அடியில் ஓர் அங்குலம் என்றால் 12-ல் ஒரு பங்கு, 1,200 கனஅடி. விநாடிக்கு ஒன்று வீதம் 1,200 விநாடி. சரியாக 20 நிமிடம், மிச்சம் மீதி இல்லாமல். ஏக்கருக்குப் போட்டால் 3,630 விநாடி, ஒரு மணி நேரத்துக்கு அரை நிமிடம் கூடுதல். இந்தக் கணக்குக்கு ஏக்கரைவிட மாதான் வாகாக இருக்கிறது என்பதைப் பாடம் எழுதும்போதுதான் நானே கண்டுகொண்டேன். மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒருத்தரும் அசரவில்லை.

அந்த மதகில் ஒரு பழுது வந்தது. பலகையை விரலால் மேலே தள்ளினால் திறக்கும், கீழே இழுத்தால் மூடும் என்று வைத்திருந்தேன். என் கம்ப்யூட்டரில் மவுஸால் அருமையாக வேலை செய்தது. போனில் கீழே இழுத்தால் மதகு மூடுவதற்குப் பதில் பக்கமே புதிதாக ஏறிவிடும், பிரவுசரில் பக்கத்தைப் புதுப்பிப்பதற்கும் அதே இழுப்புதான். பாதி வயல் பாய்ந்திருக்கும், போச்சு, முதலிலிருந்து. மதகுப் படத்துக்கு மட்டும் 'டச்-ஆக்‌ஷன்' என்பதை 'நன்' (எதுவும் வேண்டாம்) என்று வைத்ததும் அது நின்றது. ஆனால் விரல் மறைப்பதால் எத்தனை கனஅடி திறந்திருக்கிறது என்ற எண் தெரியவில்லை என்றார்கள்.

இந்த இடத்தில்தான் பெரியப்பா உள்ளே வந்தார். ஆற்று மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெண்ணாற்றிலும் கோரையாற்றிலும் சட்ரஸ் சட்ரஸாக, அதாவது ஷட்டர் வைத்த ஆற்று மதகுகளில், இருந்தவர். போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எந்த ஊர்லடா ஷட்டரைக் கையால இழுத்துத் தூக்குறான்? திருகணும்" என்றார். இழுப்பதை எடுத்துவிட்டு இரண்டு பெரிய பொத்தான் வைத்தேன்: ஒரு திருகு மேலே, ஒரு திருகு கீழே. ஒரு திருகுக்குக் கால் கனஅடி. விரல் மறைக்கவில்லை, பக்கம் ஓடவில்லை, திரை விரிசல் விட்ட போனிலும் வேலை செய்கிறது. பத்து நாள் நான் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு அவர் ஒரு வாய் வெற்றிலை போடும் நேரத்தில் வழி சொல்லிவிட்டார்.

சரி, தப்பு விடைக்கு வருகிறேன். இந்த வேலையில் எனக்கு நேரம் போனதெல்லாம் இதில்தான், அப்படிப் போகவும் வேண்டும்.

ஐந்தாவது பாடத்தில் ஒரு கேள்வி: மேட்டூரில் விநாடிக்கு 12,000 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் எத்தனை டி.எம்.சி.? முதல் பதிப்பில் நாலு விடை வைத்திருந்தேன். சரியான விடை 1.04. மற்றது 2, 5, 10. அந்த மூன்றும் சும்மா இட்டு நிரப்பியவை. அதில் ஒன்றைப் பிள்ளை தொட்டால் நான் அவனைப் பற்றித் தெரிந்துகொள்வது ஒன்றுமில்லை, அவனுக்கு நான் சொல்லவும் ஒன்றுமில்லை. 'தவறு, மீண்டும் முயற்சி செய்க' என்பதைத் தவிர.

அதனால் போனை மூடி வைக்கச் சொல்லி, இதே கணக்கை நோட்டில் பேனாவால் போடச் சொன்னேன். பதினோரு நோட்டு. தப்புப் போட்டவர்கள் எல்லோரும் நாலே வழியில் போயிருந்தார்கள். ஒரு கூட்டம் 24-ஆல் பெருக்கி 2,88,000 என்று நின்றது. இவர்களுக்கு 12,000 என்பது ஒரு மணி நேரத்து அளவு. இன்னும் சிலர் 60, 60 என்று இரண்டு தடவை பெருக்கி, 24-ஐ மறந்து ஒரு மணி நேரத்தோடு நின்று 0.04 என்றார்கள். ஒருத்தி முழுக்கச் சரியாகப் பெருக்கி 103 கோடியே 68 லட்சத்துக்கு வந்துவிட்டுப் பத்து லட்சத்தால் வகுத்து 1,037 என்று போட்டிருந்தாள். டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கனஅடி, நம் கணக்கில் 100 கோடி. அவள் மில்லியனைப் பிடித்துக்கொண்டு ஆயிரத்தை விட்டுவிட்டாள்.

நாலாவது வகைதான் என்னை உட்கார வைத்தது. விடை 12 என்று எழுதியிருந்தார்கள், பெருக்கலே இல்லை. கேட்டால், "பன்னண்டாயிரத்துல ஆயிரத்தை எடுத்துட்டா பன்னண்டு டி.எம்.சி. தானே சார்?" யோசித்துப் பார்த்தால் தப்பு அவர்களுடையது மட்டுமில்லை. 'மேட்டூரில் 12,000 கனஅடி தண்ணீர் திறப்பு' என்றுதான் தலைப்பில் போடுகிறார்கள், டீக்கடையிலும் அப்படித்தான் பேசுகிறோம். 'விநாடிக்கு' என்ற சொல் உள்ளே எங்கேயோ வரும், பல நேரம் வராது. பிள்ளைக்கு அது ஒரு குடம் தண்ணீர் மாதிரி ஓர் அளவு; வேகம் என்று தோன்றவில்லை. 'நெறைய சார்' என்று சொன்ன பையனும் இந்தக் கூட்டத்தில்தான் இருந்தான்.

ஆகவே இட்டு நிரப்பிய விடைகளை எடுத்துவிட்டு இந்த நாலையும் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித் திரை. 2,88,000-ஐத் தொட்டால் ஒரு கடிகாரம் வரும். 'விநாடி முள் ஒரு தடவை நகரும்போது எவ்வளவு போகிறது?' என்று மட்டும் கேட்கும். 0.04-ஐத் தொட்டால், 'மதியம் ஒரு மணிக்குத் திறந்து இரண்டு மணிக்கு மூடிவிட்டாயே' என்று வரும். 1,037-ஐத் தொட்டவளுக்குப் பெருக்கல் சரி என்று முதலில் பச்சை காட்டும், அப்புறம் கோடியையும் மில்லியனையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும். 12-ஐத் தொட்டால் ஒரு பொத்தான். அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு விநாடியில் 12,000, இரண்டாவது விநாடியில் 24,000, மூன்றாவதில் 36,000. விரலை எடுத்தால் நிற்கும். ஒரு பையன் மூன்று நிமிடம் எடுக்கவே இல்லை. 21 லட்சத்தைத் தாண்டியதும், "சார், ஒரு நாள்னா கை வலிக்குமே" என்றான். போதும், அவனுக்கு விநாடி புரிந்துவிட்டது.

இப்படி விடைக்கு ஏற்ப வழி பிரிவது என் யோசனை இல்லை. 1950-களில் நார்மன் கிரவுடர் என்பவர், அமெரிக்க விமானப்படையில் பழுது கண்டுபிடிக்கப் பழக்கும் வேலையில் இருந்தவர், இதைப் புத்தகத்திலேயே செய்தார். இந்த விடையைத் தேர்ந்தால் இத்தனையாம் பக்கம் போ, அதைத் தேர்ந்தால் அத்தனையாம் பக்கம் போ என்று. அதே காலத்தில் பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் வேறு கட்சி: படியைச் சின்னச் சின்னதாக வைத்துப் பிள்ளை தப்பே செய்யாதபடி நடத்திக்கொண்டு போக வேண்டும் என்பார். நான் ஆரம்பத்தில் ஸ்கின்னர் பக்கம்தான் இருந்தேன். பதினோரு நோட்டைப் பார்த்த பிறகு கட்சி மாறிவிட்டேன். ஆனால் பிரிந்த வழி எல்லாம் இரண்டு திரைக்குள் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்துவிட வேண்டும். கிளைக்குள் கிளை வைத்தால் எழுதுகிறவனே திசை தெரியாமல் நிற்க வேண்டியதுதான். அதையும் ஒரு தடவை செய்து பார்த்தேன்.

அந்தப் பாடத்தின் கடைசிக் கேள்வி: அணை முழுக்க, 120 அடி, 93.47 டி.எம்.சி. இருக்கிறது, வரத்தே இல்லை; ஜூன் 12 முதல் 12,000 வீதம் விட்டால் எத்தனை நாளைக்கு வரும்? ஆவியாவது, அடியில் தங்குவதெல்லாம் விட்டுவிட்டுக் கணக்கு மட்டும் பார்த்தால் 90 நாள். போட்டு முடித்ததும் ஒரு பெண், "அப்ப செப்டம்பர் பத்தாம் தேதியோட சரியா? சம்பாவுக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் திரை எழுதி வைத்திருக்கவில்லை.

ஆறாவது பாடம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூணாறு தலைப்பு எங்களுக்குப் பக்கம்தான். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றுக்கும் கதவு, வருகிற தண்ணீர் ஓர் அளவு. ஒன்றைத் திருகித் திறந்தால் மற்ற இரண்டும் குறையும். பிள்ளைகள் தங்கள் ஊருக்குப் போகும் ஆற்றைத்தான் முதலில் திறந்தார்கள்.

இப்போது பௌர்ணமி.

அக்கா மகள் எழுதிய சொல்லையும் என் விடையையும் எடுத்து எத்தனை எழுத்துக்குறி என்று எண்ண விட்டேன். என்னுடையது 7. அவளுடையது 8. கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறித்துவைக்கும் முறையான யூனிகோடில் 'பௌ' என்றால் 'ப', அதற்கு மேல் ஒற்றைக் குறியாக 'ௌ'. அவள் அடித்தது 'ப', 'ெ', அதற்குப் பக்கத்தில் 'ள'. அதாவது அவள் எழுதியது 'பெளர்ணமி', பெ-ள-ர்-ண-மி. திரையில் அச்சு அசலாக ஒன்று. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு சொல். இதற்கு அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பழைய எழுத்துருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது 'கௌரி'க்கு நானே 'ள' போட்டு அடித்த ஆள்தான். எத்தனை மணமகள் பெயரை அப்படி அடித்திருப்பேனோ.

தோண்டத் தோண்ட இன்னொன்றும் வந்தது. 'கொள்ளிடம்' என்பதில் 'கொ'வை ஒற்றைக் கொம்பு-கால் குறியாகவும் அடிக்கலாம், கொம்பு தனி, கால் தனியாகவும் சில கீபோர்டுகள் அனுப்பும். முன்னது 9 குறி, பின்னது 10. இதற்கு ஜாவாஸ்கிரிப்டிலேயே மருந்து இருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் 'நார்மலைஸ்' செய்து 'என்.எஃப்.சி.' வடிவத்துக்குக் கொண்டுவந்தால் கொம்பும் காலும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் 'ெ'வும் 'ள'வும் அப்படி ஒட்டாது. ஒட்டவும் கூடாது, 'ள' உண்மையிலேயே ஓர் எழுத்து. அதைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

மாற்றினேன். எங்கே 'ெள' வந்தாலும் 'ௌ' ஆக்கு என்று ஒரே வரி. ராத்திரி பதினொன்றரைக்கு ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் இரண்டாவது வகுப்புப் பொடியன் ஒருவன் கண் கலங்கி நிற்கிறான். "என் மீனுக்கு முள்ளு வந்துட்டு."

அவன் கதை இது. அண்ணனும் தம்பியும் ஒரே போன். பாடத்தில் எதுவரை முடித்தோம் என்பது போனின் பிரவுசருக்குள், லோக்கல் ஸ்டோரேஜில் இருக்கும். அண்ணன் நாலாவது பாடத்தில் இருப்பான், தம்பி சும்மா தட்டிப் பார்க்க முதல் பாடத்துக்குப் போனால் அண்ணன் முடித்தது அழிந்துவிடும். அடிதடி. அதற்காக உள்ளே நுழையும்போது ஒரு சின்னத்தைத் தேர்ந்தெடுக்கும்படி வைத்தேன்: கொக்கு, நண்டு, நத்தை, கெளுத்தி. பெயர் எழுத வேண்டியதில்லை, கடவுச்சொல் இல்லை, ஒவ்வொரு சின்னத்துக்கும் தனிக் கணக்கு. பொடியன் கெளுத்தி.

என் ஒரு வரித் திருத்தம் பாட ஃபைலைத் திறக்கும்போதே எல்லா எழுத்திலும் ஓடியிருக்கிறது. 'கெளுத்தி'யிலும் 'ெள' இருக்கிறதே! அதை 'ௌ' ஆக்கிவிட்டு, மிச்சமிருந்த உகரம் ஒட்ட இடமில்லாமல் நடுவில் புள்ளி வட்டத்தோடு தொங்கியது. அவன் கண்ணுக்கு அது முள். திருத்தத்தை இடம் மாற்றினேன்: திரையில் காட்டும் எழுத்தைத் தொடாதே, ஒப்பிடும் நேரத்தில் மட்டும், பிள்ளை எழுதியதிலும் என் விடையிலும் இரண்டிலுமே மாற்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டால் ஒப்பீடு கெடாது.

இதையும் ஏற்றினேன். பொடியன் போனில் முள் போகவில்லை. டவர் இல்லாத நேரத்திலும் பாடம் திறக்கட்டும் என்று ஒரு பிரதியைப் போனிலேயே சேமித்து வைக்கும்படி செய்திருந்தேன். அது பழசையே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. பதிப்பு எண்ணை மாற்றினால்தான் புதிதை இறக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு பாடத்தின் மூலையிலும் பதிப்பு எண் சின்னதாகத் தெரியும். யார் வந்து புகார் சொன்னாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

ஒப்பிடுகிற இடத்தைத் திறந்ததே திறந்தோம் என்று மற்றதையும் சரி பார்த்தேன். கீபோர்டு சொல்லை எடுத்துக் கொடுக்கும்போது கடைசியில் ஓர் இடைவெளி சேர்க்கும், அதை வெட்டினேன். 'நாத்து' என்று எழுதினால் சரிதான், கீழே 'நாற்று' என்று சின்னதாகக் காட்டினால் போதும். நான் கேட்டது தண்ணீர்க் கணக்கு. 11,574 என்று காற்புள்ளி போட்டாலும் போடாவிட்டாலும் சரி, 11,500 முதல் 11,650 வரை எது வந்தாலும் சரி. (ஒரு நாளில் ஒரு டி.எம்.சி. சேர வேண்டுமென்றால் விநாடிக்கு அத்தனை கனஅடி.) '40 நிமிஷம்' என்று எழுதினால் எழுத்தையெல்லாம் உதறி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அது ஒரு வாரம் நன்றாக ஓடியது. ஒரு மாவுக்கு நாலு அங்குலம் என்ற கணக்குக்கு ஒருவன் '1 மணி 20 நிமிஷம்' என்று எழுதினான். எழுத்தை உதறியதும் 120 ஆகிவிட்டது. சரியான விடை 80. திரும்பவும் சிவப்பு. இப்போது மணிக்கு ஒரு பெட்டி, நிமிடத்துக்கு ஒரு பெட்டி.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பாடத்தில் பத்துக்கு எட்டு வாங்கினால்தான் அடுத்தது திறக்கும் என்று முதலில் வைத்திருந்தேன். ஒரு பெண் மூன்றாவது பாடத்தில் மாட்டிக்கொண்டாள். நாலு நாள் முயற்சி செய்துவிட்டு அப்புறம் வரவே இல்லை. விசாரித்தால், "எனக்கு அது தொறக்காது சார்" என்றாள். பூட்டை எடுத்துவிட்டேன். ஏழும் திறந்தே கிடக்கும். 'அடுத்து இது' என்று ஒன்றின் ஓரத்தில் மட்டும் பச்சைக் கோடு. அவள் ஏழாவதை முதலில் போட்டாள், அவர்கள் வீடு வடிகால் கரையில். அப்புறம் தானாகவே மூன்றாவதுக்குத் திரும்பினாள். பாடத்துக்குள் எவ்வளவு முடிந்தது என்று சதவீதம் காட்டியதையும் எடுத்துவிட்டேன். '62%' என்றால் இன்னும் எவ்வளவு என்று தெரியவில்லை என்றார்கள். இப்போது ஐந்து படி வரைந்து, நிற்கிற படியில் அவரவர் கொக்கோ நண்டோ உட்கார்ந்திருக்கும்.

தை பிறந்து அறுவடை ஓடிக்கொண்டிருந்தபோது பெரியப்பாவைத் திரும்ப உட்கார வைத்தேன். நாலாவது பாடம். ஒரு மா, இரண்டு அங்குலம், வாய்க்காலில் விநாடிக்கு ஒரு கனஅடி; எவ்வளவு நேரம்? போனைத் தொடவே இல்லை அவர்.

"வாய்க்கா எவ்ளோ நீளம்?"

"அதெல்லாம் இல்ல பெரிப்பா. வயல் ஓரத்துலயே வாய்க்கா."

"மண் வாய்க்காவா, சிமெண்டா? தூர் வாரியிருக்கா? வயல் காஞ்சு வெடிச்சுக் கெடக்கா, ஈரமா இருக்கா?"

"பாடத்துல நாப்பது நிமிஷம் பெரிப்பா."

"ஒன் பொட்டிக்குள்ள நாப்பது நிமிஷம். வெடிச்ச வயல்ல முத தண்ணி விட்டுப் பாரு. நாப்பது நிமிஷம் வெடிப்புக்குள்ளயே எறங்கும், மேல ஒரு சொட்டு நிக்காது."

அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப எவ்ளோ நேரம் தாத்தா?" என்று கேட்டாள்.

அவர் யோசித்துவிட்டு, "சித்திரையில வா, வயல் வெடிச்சுக் கெடக்கும். பம்ப்செட்டைப் போட்டு விட்டுப் பாப்போம்" என்றார்.

எட்டாவது பாடத்துக்கு ஒரு ஃபைல் திறந்து வைத்திருக்கிறேன். அதில் இப்போதைக்கு ஒரே ஒரு திரை. வெடித்த வயல் படம், மணிக்கு ஒரு பெட்டி, நிமிடத்துக்கு ஒரு பெட்டி. சரியான விடை என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.